ரோச்சுக்குக் கயிறு பிடிக்க ஆள் இல்லை

பிலோமினா அன்று காலை பாரை மீன் அறுத்த வேகத்தைப் பார்த்து, எப்போதும் காலைச் சுற்றி வரும் பூனைகூட வேலியோரத்திலேயே நின்றுவிட்டது. ஒரு தலை அரிவாள்மணைக்கு அந்தப் பக்கம் விழுவதற்குள் அடுத்த மீனின் வயிறு பிளந்தது. குடலை வழித்து ஓலைப் பெட்டிக்குள் எறிந்தாள். ஒவ்வொரு தடவை எறியும்போதும் உதட்டுக்குள் ஒரு பெயரைச் சொன்னாள். ரோச்சின் பெயர்தான்.

தை பிறந்து வாடை அடங்கியிருந்தது. கடல் கலங்கலெல்லாம் தீர்ந்து கண்ணாடி மாதிரிக் கிடந்தது. சங்கு குளிக்கிறவர்களுக்கு வருஷத்தில் இதைவிட நல்ல நாட்கள் வாய்க்காது. தெருவில் ஆண்கள் யாரும் இல்லை. பிலோமினாவின் மகன் சிலுவை மட்டும் வாசல்படியில் உட்கார்ந்து, போகாத வேலையை நினைத்துக்கொண்டு பல் குத்திக்கொண்டிருந்தான்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. முங்கிச் சங்கு எடுக்கிற குளியாள் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வள்ளத்தில் இருந்து பிடிக்கிறவன், அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். அடியில் மூச்சு முட்டிக் கயிற்றை அசைத்ததும் இழுத்துத் தூக்குகிறவன் அவன்தான். வேறு யார் அயர்ந்தாலும், தங்கச்சி தாலியை நினைத்தாவது மச்சான் அயரமாட்டான். கல்யாணமாகாத குளியாள், பெண் பேசிவைத்திருக்கும் வீட்டிலிருந்து ஆள் கேட்பான். போன சங்குக் காலத்தில் ரோச்சின் அம்மா வெற்றிலைத் தட்டோடு இதே வாசலுக்கு வந்து, "உங்க மவன் எங்க மவனுக்குக் கயிறு புடிக்கட்டும் மதினி" என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்த ஊரில் அதற்குமேல் நிச்சயதார்த்தம் என்று ஒன்று தேவையில்லை. பிலோமினாவும் அன்றிலிருந்து ரோச்சை மருமகனே என்றுதான் கூப்பிட்டாள். வீட்டில் நல்ல மீன் வந்தால் ஒரு துண்டு அவனுக்கு எடுத்துவைத்தாள்.

இப்போது சொந்தத் தோணி வைத்திருக்கும் வசதியான ஒரு தோணிக்காரர் தன் மகளை ரோச்சுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். பிலோமினாவின் மகள் பிளாரன்ஸுக்கோ மூன்று மாதம் தள்ளிப்போயிருந்தது. மாதா கோயில் திருவிழாவோடு அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. முந்தின நாள் நூல் மில்லிலிருந்து திரும்பி வந்து, குசினிக்குள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ரோச்சிடமும் சொன்னாளாம். அவன், "அது என் பிள்ளதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டானாம்.

"ஏளா, உப்பக் கொண்டா" என்றாள் பிலோமினா.

பிளாரன்ஸ் உப்புப் பானையைக் கொண்டுவந்து வைத்தாள். பிளந்த மீனை வாங்கி, உப்பைத் தடவித் தடவிப் பாயில் பரத்தினாள். மகளின் குனிந்த தலையைப் பார்க்கப் பார்க்கத் தாய்க்கு வயிறு எரிந்தது.

"அவன் ஆம்பள. அவன் அப்படித்தான் இருப்பான். உனக்குப் புத்தி எங்கன போச்சு? நீ பாத்துக்கிடப்படாதா?"

"என்னத்தப் பாக்கம்மா?"

"என்னத்தயா? பொம்பளப் பிள்ளதாம்ளா பாத்துக்கிடணும்."

"பாத்தேன்" என்றாள் பிளாரன்ஸ். "நான் பாத்த அளவுக்கு யாரும் பாத்திருக்க மாட்டாவ. மில்லுல அக்காமாரு சொன்னாவ. துறைமுகத்துப் பட்டாள ஆஸ்பத்திரியில ஒரு ரப்பர் உறை சும்மா குடுக்காவளாம், அது இருந்தா பிள்ள நிக்காதாம். நான் வெக்கத்த விட்டு ரோச்சுகிட்ட கேட்டேன்."

சிலுவை பல்குச்சியை எறிந்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் போனான். இதெல்லாம் அண்ணன்காரன் கேட்கிற பேச்சில்லை. ஆனால் பின்பக்கம் போனவன், கேட்கிற தூரத்திலேயே நின்றுகொண்டான்.

"கேட்டதுக்கு என்ன சொன்னான்?"

"சிரிச்சான். மடியிலிருந்து ஒண்ண எடுத்துக் காட்டுனான். அதுக்குள்ள தீப்பெட்டியும் பீடியும் இருந்துச்சு. வாயில முடிச்சுப் போட்டிருந்தான். 'இது கடலுக்குள்ள பீடி நனையாம இருக்கதுக்கு. மத்ததுக்கு வச்சுக்கிட்டா பாவம். பங்குசாமி பிரசங்கத்துல சொன்னாரு'ன்னான்."

பிலோமினாவின் கை நின்றது.

"பாவமா?"

"பாவமாம்."

"அப்ப மத்தது பாவமில்லியாமா?"

"அதயும் கேட்டேன். 'நாமதான் கெட்டிக்கிடப் போறோமே'ன்னான்."

அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே பிளாரன்ஸ் மீதியையும் சொன்னாள். அதற்குப் பிறகு அவளே ஆஸ்பத்திரி ஜன்னலுக்குப் போயிருக்கிறாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, துறைமுக ஆட்கள் எல்லாரும் போகும்வரை காத்து நின்றிருக்கிறாள். கம்பவுண்டர், பெண்களுக்குக் கிடையாது, கல்யாணமானவள் என்றால் புருஷனை அனுப்பு என்றாராம். ஆகாதவள் என்றதும், உங்கப்பன் பேரென்ன என்று உரக்கக் கேட்டாராம். அவள் ஓடி வந்துவிட்டாள்.

"அப்பன் பேரயா கேட்டான்?" என்றாள் பிலோமினா. பிளாரன்ஸின் அப்பா கச்சான் மேல்காற்றில் கடலுக்குப் போய், கரை திரும்பாமல் எட்டு வருஷம் ஆகியிருந்தது. "அவன்கிட்டயே போய்ச் சொல்லுதேன்."

கையைக்கூடக் கழுவவில்லை. முழங்கைவரை செதிலும் இரத்தமுமாக அப்படியே தெருவில் இறங்கினாள்.

பட்டாள ஆஸ்பத்திரி என்பது துறைமுகச் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. யுத்தம் தொடங்கியபின் சோல்ஜர்களுக்காகப் போட்டது. சாமான் இறக்குகிற ஊர் ஆட்களுக்கும் பக்கத்து ஜன்னல் வழியாகக் காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரையும் புண்ணுக்கு மருந்தும் கொடுத்தார்கள். அதோடு ஒரு அட்டைப் பெட்டியிலிருந்து அந்த உறைகளையும் அள்ளிக் கொடுத்தார்கள். கம்பவுண்டர் ஜேசுபாதம் நாசரேத்துக்காரர். கஞ்சி போட்ட சட்டைக்காரர். யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். பிலோமினா வந்த கோலத்தைப் பார்த்து வரிசை தானாக விலகியது.

"ஏ கம்பவுண்டரே! அந்த ரப்பர் ஒண்ணு தாரும்."

ஜேசுபாதம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். "யம்மா, இது ஆம்பளையாளுகளுக்குள்ளது."

"சரி. ஆம்பளைக்கு எதுக்குக் குடுக்கீரு?"

"நோய் வராம இருக்கதுக்கு. பட்டாளத்து உத்தரவு."

"நோய் வந்தா என்ன?"

"வேல நின்னுபோகுமில்லா?"

"பொம்பளைக்குப் பிள்ள வந்தா?"

கம்பவுண்டர் தொண்டையைச் செருமினார். "அதுனால பட்டாளத்துக்கு நஷ்டமில்லையே" என்று வாய்தவறி உண்மையைச் சொல்லிவிட்டார்.

"இல்லதான். நஷ்டம் எனக்கு" என்றாள் பிலோமினா. "நீரு கைநெறைய அள்ளிக் குடுத்தீரே, எவனாவது அத எதுக்கு வச்சிருக்கான்னு கேட்டீரா? ஏலே, நிக்கிய பயலுவளா, நீங்க சொல்லுங்க. எதுக்குல வச்சிருக்கிய?"

வரிசையில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல், "பீடி நனையாம இருக்கத்தான் சித்தி" என்றான்.

"கேட்டீரா? இந்த ஊருப் பீடியெல்லாத்தயும் நீரு பத்திரம் பண்ணியிருக்கீரு. வேணும்னு தேடிவந்து நின்ன பிள்ளைகிட்ட அப்பன் பேரக் கேட்டீரு. அவ அப்பன் கடலுக்குள்ள கெடக்கான். போய்க் கேட்டுக்கிடும்."

ஜேசுபாதம் ஜன்னலை மெல்லச் சாத்தினார். பிலோமினா சாத்திய கதவில் கையைப் பதித்துத் தேய்த்துவிட்டுத் திரும்பினாள். அன்று முழுக்க அந்த ஜன்னல் மீன் வாடை அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் பட்டங்கட்டி வீட்டு முற்றத்தில் கூட்டம் கூடியது. பட்டங்கட்டி என்பது அந்தத் தெருக்களுக்கு வழக்குத் தீர்க்கிற பெரிய மனுஷர். பூவரசு மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரோச் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, எண்ணெய் வைத்து வாரிய தலையோடு நின்றான். பார்க்க லட்சணமான பையன். ஒரு மூச்சில் மற்றவர்களைவிட இரண்டு சங்கு கூட எடுப்பான் என்று பெயர். தோணிக்காரர் அவன் பின்னால் நின்றார். பெண்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். பிலோமினா மட்டும் உள்ளே நின்றாள்.

"ஏலே ரோச், இந்தப் பிள்ள சொல்லுததுக்கு நீ என்ன சொல்லுத?" என்று பட்டங்கட்டி கேட்டார்.

ரோச் தரையைப் பார்த்துக்கொண்டு, யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரிச் சொன்னான். "பழகுனது வாஸ்தவம். ஆனா பிள்ள என்னுது இல்ல. என்கிட்ட அந்தப் பட்டாளத்து ரப்பர் எப்பவும் இருக்கும். வள்ளத்துல எல்லாருக்கும் தெரியும். அது இருந்தா பிள்ள நிக்காதுன்னு டாக்டரே சொல்லுதாரு. அப்ப இது எப்படி என் பிள்ளையாவும்?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கேட்பதற்கு நியாயம் மாதிரித்தான் இருந்தது. தோணிக்காரர் தலையாட்டினார்.

வேலிக்கு வெளியே இருந்து பிளாரன்ஸ் கத்தினாள். "அன்னைக்குப் பாவம்னியே! இன்னைக்குப் பாவமில்லாமப் போச்சா?"

"நீ பேசாத. பெரியாளுக பேசுதோம்லா" என்றார் பட்டங்கட்டி.

"அவ பேச வேண்டாம். நான் பேசுதேன்" என்று பிலோமினா நடுவில் வந்தாள். ரோச்சின் வள்ளத்து ஆட்கள் ஒரு பக்கமாகக் குந்தியிருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சொன்னாள். "ஏலே, உங்க மடியில இருக்கத எடுங்க."

யாரும் அசையவில்லை.

"எடுங்கலேய்! நான் உங்களுக்கெல்லாம் கஞ்சி ஊத்துனவ. உங்க மடிய நானே அவுப்பேன்."

செய்யக்கூடியவள்தான். ஒருவன் எழுந்து வேட்டி மடிப்பைப் பிரித்தான். உள்ளே தீப்பெட்டி தெரிய, வாயில் முடிச்சுப் போட்ட வெளுத்த ரப்பர் உறை. பிறகு அடுத்தவன். அவனுடையதில் பீடிக்கட்டு. மூன்றாமவன் புகையிலையை வைத்திருந்தான்.

"யாரு குடுத்தா?"

"ரோச்சுதான் குடுத்தான்."

"அவன் வச்சிருந்ததுல எத்தனயக் குடுத்தான்?"

"எல்லாத்தயும்தான் குடுத்தான் சித்தி. அவனுக்கே ஒண்ணு பத்தாமத்தான போன வாரம் என்கிட்ட திருப்பி வாங்குனான். தீப்பெட்டிக்கு."

வேலிக்கு வெளியே பெண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். பட்டங்கட்டி கூச்சலை அடக்கக் கையை உயர்த்தினார். அந்தக் கையில் அவருடைய மூக்குப்பொடிப் பொட்டலம் இருந்தது. அதுவும் அதே ரப்பர் உறைக்குள்தான் இருந்தது. அவர் சட்டென்று அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதைப் பார்க்காதவர் யாரும் இல்லை.

அப்படியும் தீர்ப்பு மாறவில்லை. பட்டங்கட்டிக்குக் கோபம் வந்திருந்தது. தோணிக்காரரின் தயவும் அவருக்கு வேண்டியிருந்தது. "பீடிக்கு வச்சான், பாக்குக்கு வச்சான், அதெல்லாம் பேச்சில்ல. பையன் இல்லங்கான். வேற சாட்சி கெடயாது. ஜாக்கிரதையா இருக்க வேண்டியது பொம்பளப் பிள்ளதான். தவசு காலம் தொடங்குததுக்குள்ள பிளாரன்ஸ வடக்க உள்ள கன்னியர் மடத்துக்கு அனுப்பிரணும். பெத்ததும் பிள்ளைய அங்கனயே விட்டுரணும். பெறவு வேணும்னா அவ வீட்டுக்கு வரலாம். இல்லன்னா நம்ம தெருவுல இந்தக் குடும்பத்தோட யாருக்கும் குடுக்கல் வாங்கல் கெடயாது" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் சிலுவை அம்மாவுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். வாசலுக்கு வந்ததும் ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்துக் கையில் சுற்றினான்.

"எம்மா, நான் நாளைக்குக் கடலுக்குப் போறேன். அவனுக்குப் புடிக்கேன்."

"எதுக்குலே?"

"கீழ இருந்து அசைப்பான்லா? அசைக்கட்டும்."

பிலோமினா மகன் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். அவளுக்கும் அந்த நினைப்பு வந்திருந்தது. பட்டங்கட்டி பேசப் பேச, தண்ணீருக்கடியில் ரோச் கயிற்றை உலுக்குவதையும் மேலே யாரும் இழுக்காததையும் மனதுக்குள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"விட்டியன்னா அவன் செத்துப்போவான். செத்தா நல்லவனாயிருவான்லே. ஊரே மாரடிச்சு அழும். என் மவ கொலகாரன் தங்கச்சியாவா" என்றாள். "நீ கடலுக்குப் போகாத. சும்மா இரி. அது போதும்."

மறுநாள் குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. யுத்தத்தால் தண்ணீருக்கும் முறை வைத்திருந்தார்கள். அரிசிக்குக் கடை வாசலில் நிற்பது போதாதென்று இங்கேயும் நிற்க வேண்டியிருந்தது. எல்லாப் பெண்களும் ஒரே இடத்தில் கிடைத்தார்கள். பிலோமினா யாரிடமும் கெஞ்சவில்லை. ஊர் வழக்கத்தை எடுத்துச் சொன்னாள், அவ்வளவுதான்.

"எந்த வீட்டு ஆம்பள ரோச்சுக்குக் கயிறு புடிக்கானோ, அந்த வீட்டுப் பொண்ண ரோச்சுக்குக் குடுக்கேன்னு சொன்ன மாதிரி. அதுதானே வழக்கம்? புடிங்க. நல்லாப் புடிங்க. பெறவு உங்க வீட்டுப் பொண்ணு வயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கயில, என்னுது இல்லம்பான்."

ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். "எனக்குப் பொம்பளப் பிள்ள கெடயாதுல்லா மதினி. ரெண்டும் கடுவன். எம்மூத்தவன வரச்சொல்லி ரோச்சு வந்து கேட்டுட்டுப் போனான்."

"பொம்பள இல்லாத வீடாளா உன் வீடு? அப்ப நீ யாரு?"

குழாயடி முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் குடத்தைத் தூக்கும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "என் மவன் வரமாட்டான். சொல்லிரு" என்றாள்.

கயிறு பிடிக்க ஆள் இல்லாத குளியாள் கரையில் நிற்கிற கட்டைதான். ரோச் வீடு வீடாக ஏறி இறங்கினான். ஒரு வீட்டில் தலைவலி என்றார்கள், இன்னொரு வீட்டில் காலில் முள் என்றார்கள். தோணிக்காரர் தன் மகனையே ஒருநாள் அனுப்பிவைத்தார். சுங்க ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன். மடிப்புக் கலையாத சட்டையோடு வள்ளத்தில் ஏறினான். கரை மறைவதற்குள் குமட்டிக் குமட்டி வள்ளத்தையே நாறடித்துவிட்டான். ரோச் கயிற்றை அசைத்தபோது, வருங்கால மச்சான் கடலைப் பார்த்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். ரோச் எப்படியோ நீந்தி மேலே வந்து, இருமி இருமித் தண்ணீரைத் துப்பினான். அன்றோடு அதுவும் முடிந்தது.

கடல் கண்ணாடியாகக் கிடந்தது. மற்ற வள்ளங்கள் சாயங்காலம் சங்கு நிறைத்துத் திரும்பின. ரோச் கரையில் குந்தியிருந்தான். பிலோமினா கருவாட்டுக் கூடையோடு அவனைக் கடந்து போகும்போதெல்லாம் வேண்டுமென்றே நடையைக் குறைத்தாள். "மருமவனே, இன்னைக்கு வேல இல்லியா? வெயிலு நல்லாருக்கே, காயும்" என்பாள்.

தவசு காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்குக் கொஞ்ச நாளே இருக்கையில், ஒரு நண்பகலில் ரோச் வாசலில் வந்து நின்றான். பிளாரன்ஸ் முற்றத்துப் பாயில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளை மில்லிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். போர்த்துகிற சேலையையும் மீறி வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. சிலுவை உள்ளே கேழ்வரகுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

"மாமி" என்றான் ரோச்.

"எவனுக்குல நான் மாமி?"

"நான் பிளாரன்ஸையே கெட்டிக்கிடுதேன் மாமி."

பிலோமினா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். இந்த வார்த்தைக்காகத்தானே இவ்வளவும். மகள் மடத்துக்குப் போகவேண்டாம், பிள்ளையை விடவேண்டாம். பட்டங்கட்டியின் முகத்தைப் பார்க்கிற சந்தோஷம் வேறு இருக்கிறது. அவள் வாயைத் திறப்பதற்குள் சிலுவை கஞ்சிச் சட்டியோடு வெளியே வந்தான்.

"சங்குக் காலம் முடியுததுக்குள்ள கெட்டிக்கிடுதியா, முடிஞ்ச பெறவா?"

ரோச் சிலுவையின் கையையே பார்த்தான். பிளாரன்ஸ் கையிலிருந்த கருவாட்டைப் பாயில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"கயிறு புடிக்க எங்கண்ணன் வேணும். அதுக்கு என்னையும் கூடச் சேத்துக்கிடுத. அப்படித்தானே?"

"அப்படியில்ல பிளாரன்ஸு..."

"எனக்கு உன்னக் கெட்டிக்கிட வேண்டாம். ஆனா நான் மடத்துக்கும் போகமாட்டேன். நீ ஊருக்கு முன்னால சொன்ன பொய்ய ஊருக்கு முன்னாலயே திருப்பிச் சொல்லு. பிள்ள என்னுது, அவ கேட்டா, நாந்தான் மாட்டேன்னேன்னு சொல்லு. அது போதும்."

"அத எப்படிச் சொல்ல? கெட்டிக்கிட்டா எல்லாம் சரியாப் போவும்லா? அதச் சொன்னா ஊரே சிரிக்கும். நானும் ஒரு ஆம்பளயா நடமாட வேண்டாமா?"

பிளாரன்ஸ் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் அவளுடைய அம்மாவிடம் இருந்த சூடு இல்லை. பிலோமினாவே அதைப் பார்த்து ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"சரி. சொல்ல வேண்டாம்" என்றாள். "அண்ணே, நாளைக்கு இவனுக்குக் கயிறு புடி."

சிலுவை கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தான். "என்னளா சொல்லுத?"

"புடிண்ணே. அவனுக்கு ஆளுதானே வேணும்? நீ போ." பிறகு ரோச்சிடம் திரும்பினாள். "கெட்டிக்கிடப் போறோமேன்னு சொன்ன. உன்ன நம்புனேன். எங்கண்ணன் ஒரு வாக்கும் குடுக்கமாட்டான். அவன நம்பி நீ முங்கு."

"ஏளா, இதென்ன பேச்சு?" என்று பிலோமினா மகளின் கையைப் பிடித்தாள். கை குளிர்ந்து கிடந்தது.

விடியற்காலைக் கரைக்காற்றில் வள்ளங்கள் கிளம்பின. சங்குத் திட்டுக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருந்தது. பக்கத்தில் பக்கத்தில் பத்துப் பதினைந்து வள்ளங்கள் நங்கூரம் போட்டிருந்தன. ஒரு வள்ளத்தில் பேசினால் அடுத்ததில் கேட்கும். வழியெல்லாம் ரோச் ஏதேதோ பேசிப் பார்த்தான். நீரோட்டம் எப்படி இருக்கிறது என்றான். நேற்று யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்டான். சிலுவை வாயைத் திறக்கவில்லை.

ரோச் கழுத்தில் வலைப்பையை மாட்டினான். கயிற்றை இடுப்பில் கட்டினான். கனத்துக்காகத் தொங்கவிட்ட கல்லில் கால் வைத்து, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரில் மிதந்தான். பழைய நாட்களில் அந்த இடத்தில் சிலுவை, "மாதாவே காப்பாத்து, போ மச்சான்" என்பான். ரோச் அதற்குக் காத்திருந்தான்.

"மச்சான், விட்டுரமாட்டியே?"

சிலுவை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரோச் முங்கினான். கல் இழுத்துக்கொண்டு போனது. சிலுவையின் கைவழியே கயிறு சரசரவென்று ஓடியது. கல் அடி தொட்டு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை, கயிறு அசைந்தது. சிலுவை இழுத்தான். பை வெறுமையாக இருந்தது. இரண்டாம் தடவை கல் அடி தொடுமுன்பே அசைந்தது. மூன்றாம் தடவை கயிறு அசையவில்லை, அவன் கையையே உலுக்கியது. புயலில் சிக்கிய பாய் மாதிரி உலுக்கியது. அப்போது சிலுவைக்கு விரல்கள் தாமாகத் தளர்ந்தன. ஒரு கணம்தான். தளர்ந்தால் எவ்வளவு சுகமாக இருக்கும் என்று உள்ளங்கைக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

ரோச் மேலே வந்து விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கண் இரண்டும் சிவந்திருந்தன. பக்கத்து வள்ளத்திலிருந்து ஒருவன் கேட்டான். "என்னலே ரோச், சங்குக்கெல்லாம் காலு மொளச்சு ஓடிருச்சா?"

"மச்சான்" என்றான் ரோச், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "ஒரு வார்த்த சொல்லு. விடமாட்டேன்னு சொல்லு. கீழ போனா எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்கு. உன் கைதான் தெரியுது."

சிலுவை கயிற்றை ஒழுங்காகச் சுற்றி, அடுத்த முங்கலுக்குத் தயாராகப் பிடித்தான்.

ரோச் கல்லைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். பிறகு வள்ளத்தின் விளிம்பில் நெற்றியை மோதிக்கொண்டு கத்தினான். எல்லா வள்ளத்துக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான்.

"பிளாரன்ஸ் வயித்துல இருக்கது என் பிள்ளைதான்! கேட்டுக்கிடுங்கலே! அந்த ரப்பர நான் பீடிக்குத்தான் வச்சிருந்தேன். அவ கேட்டா. கேட்கத்தான் செஞ்சா. நாந்தான் சிரிச்சேன்!"

கயிறு பிடித்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு வள்ளத்தில் ஒரு கயிறு அசைந்தது. அதைப் பிடித்திருந்தவன் திடுக்கிட்டு அவசரமாக இழுத்தான்.

சேதி அவர்களுக்கு முன்பே கரை சேர்ந்துவிட்டது. சிலுவை வீட்டுக்கு வரும்போது, பட்டங்கட்டி அனுப்பிய ஆள் வாசலில் நின்றுகொண்டிருந்தான். பிளாரன்ஸ் எங்கேயும் போக வேண்டியதில்லை, குடுக்கல் வாங்கல் எல்லாம் பழையபடி நடக்கும் என்று சொல்லச் சொன்னாராம்.

"அவருக்கு வாய் இல்லியா?" என்றாள் பிலோமினா. "அவரே வந்து சொல்லட்டும். ரெண்டாம் பூச முடிஞ்சு, அதே பூவரசு மரத்தடியில நின்னு சொல்லட்டும். என் மவ வேலிக்கு உள்ள நிப்பா. போ."

ஆள் போனான். தோணிக்காரர் சம்பந்தத்தை முறித்துக்கொண்ட சேதியும் வந்தது. பிலோமினா குசினிக்குள் போய், எடுத்துவைத்திருந்த ஊளி மீனை அறுத்துக் குழம்பு வைத்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் கை ஒரு ஒழுங்கோடு வேலை செய்தது. கொதிக்கிற குழம்பை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள். பிறகு வெளியே எட்டி, "ஏளா, வந்து சாப்பிடு, ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்று கூப்பிட்டாள். அந்த வீட்டில் அதை உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சிலுவையின் உள்ளங்கையில் கயிறு அறுத்த தடம் சிவந்திருந்தது. புளி பட்டு எரிந்தது. ஊதிக்கொண்டே சொன்னான்.

"உன்னக் கெட்டிக்கிடுதேன்னு இப்பவும் சொல்லுதான். கரையில வச்சு அழுதான்."

"சொல்லிக்கிட்டே இருக்கட்டும்" என்றாள் பிளாரன்ஸ்.

"நாளைக்கும் வரச் சொல்லுதான். ஆனா போறதுக்கு முன்னால, மாதா மேல சத்தியம் பண்ணிக் கயிற விடமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லணுமாம். என்னளா செய்ய? போவா, வேண்டாமா?"

பிளாரன்ஸ் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்து முடித்து, கையை உதறினாள்.

"போண்ணே. தெனமும் போ. நல்லா இறுக்கிப் புடி. ஒரு நாளும் விட்டுராத." சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். "விடமாட்டேன்னு மட்டும் அவன்கிட்ட ஒரு நாளும் சொல்லிராத."